கஞ்சத்தனம் காத்த ஏரி

அந்த வருஷத்துக் கல்யாணப் பெண்கள் என்ன நிறத்தில் முகூர்த்தப் புடவை கட்டப் போகிறார்கள் என்பது மயிலாப்பூர் மாமிகளுக்கும் கும்பகோணத்து மாமிகளுக்கும் தெரிவதற்கு முன்னாலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். நாங்கள் என்றால், முசரவாக்கத்திலிருந்து காஞ்சிபுரத்துக்குப் படிக்கப் போன, அரை டிராயரிலிருந்து அப்போதுதான் பேண்டுக்கு மாறியிருந்த, சைக்கிள் கேரியரில் இன்னொருவனையும் ஏற்றிக்கொண்டு மூச்சு வாங்க மிதித்த பையன்கள். ஜவுளிக்கடைக் கண்ணாடியை நாங்கள் எட்டிப் பார்த்ததில்லை. எங்களுக்குச் சேதி சொன்னது சாக்கடை. சாயப்பட்டறைகள் இருந்த தெருக்களின் ஓரமாகக் காலையில் ஒரு நிறம் ஓடும், மணியடித்து வீடு திரும்பும்போது வேறு நிறம் ஓடும்: அரக்கு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், வெங்காயச் சருகு, எப்போதாவது எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகவே இந்த ஊர்க்காரர் ஒருவர் காய்ச்சியெடுத்த அந்த எம்.எஸ். நீலம். ஒரு ஆவணி மாதம் விடாமல் வாடாமல்லி ஓடுவதைக் கண்டு, கல்யாணம் நிச்சயமாகியிருந்த அக்காவிடம் "இந்த வருஷம் வாடாமல்லிதான்" என்று வியாபாரி மாதிரி குரலை இறக்கிச் சொன்னேன். அவளும் நம்பிக் காத்திருந்தாள். அப்பா வாங்கிவந்தது கிளிப்பச்சை, அதுவும் சங்கத்துத் தள்ளுபடியில். இன்றைக்கும் பீரோவிலிருந்து அந்தப் புடவையை எடுக்கும்போதெல்லாம் என் ஆரூடத்தைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிக்கிறாள்.

அந்த வண்ணங்கள் எங்கே போய்ச் சேர்கின்றன என்ற கேள்வி எங்களில் ஒருவனுக்கும் வரவில்லை. மஞ்சள் நீர்க் கால்வாயில் விழுந்து நத்தப்பேட்டை ஏரிப்பக்கம் கொஞ்சம் போகும், வேகவதியில் இறங்கிக் கொஞ்சம் போகும், வேகவதி திருமுக்கூடலில் பாலாற்றையும் செய்யாற்றையும் சேரும். பாலாற்றுத் தண்ணீரில் நனைந்தால்தான் பட்டுக்கு அந்தப் பளபளப்பு என்று ஊரில் பெரியவர்கள் எல்லோரும் சொல்வார்கள். பளபளப்பைக் கொடுத்த தண்ணீருக்குச் சாயத்தைத் திருப்பிக் கொடுக்கிறோமே என்று யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை. எனக்கோ அதில் ஒரு ஏக்கமே இருந்தது. வண்ணத்தண்ணீர் ஓடுகிற ஊர் வாழ்கிற ஊர், எங்கள் முசரவாக்கத்து வாய்க்காலில் வெறும் தண்ணீர் ஓடுகிறதே, அதில் கெண்டைக்குஞ்சு வேறு நீந்தி மானத்தை வாங்குகிறதே என்று கூச்சப்பட்ட வயது அது.

அப்பாவோடு நூல் கொடுத்து வாங்கப் போகும்போது ஒரு சாயக்காரப் பெரியவரைப் பார்ப்பேன். கை முழங்கை வரைக்கும் நிறம் ஏறி, எந்தச் சோப்புக்கும் போகாத நிலையில் இருக்கும். கச்சாப் பட்டு சொரசொரவென்று முறுக்கிக்கொண்டு வரும், அதன் எடையில் கிட்டத்தட்டக் கால்பங்கு வெறும் பசைதான், சோப்பும் சலவைச் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்துப் பசையைக் கழற்றின பிறகுதான் பட்டு பட்டாகும் என்பதெல்லாம் அவர் பட்டறையில் அடுப்புப் புகைக்கு நடுவே கண் எரிய நின்று கற்றது. மற்ற பட்டறைகளின் வாசலில் நிறம் ஓடும். அவர் வாசலில் ஓடுவது ஏறக்குறைய நிறமற்ற தண்ணீர். சூடும் புளிப்பும் பதமாக இருந்தால் சாயம் முழுவதும் நூலில் ஏறிவிடும், தொட்டியில் தெளிந்த தண்ணீர்தான் மிஞ்சவேண்டும் என்பார். வெளிர் நிறத்தை முதலில் முக்கியெடுத்து, அதே தண்ணீரில் அடுத்து அடர் நிறத்தைக் கலந்து ஏற்றுவார். தண்ணீரும் மிச்சம், விறகும் மிச்சம். ஒருநாள் பக்கத்துப் பட்டறையிலிருந்து ரத்தச் சிவப்பாக ஓடி வந்ததைப் பார்த்துவிட்டு என்னிடம், "இது இன்னா போவுதுன்னு நெனக்கிற? சாயம் இல்ல தம்பி, அவன் துட்டு போவுது" என்றார். சுற்றுச்சூழல் என்ற சொல்லே எங்கள் காதில் விழுந்திராத காலம். அந்த மனிதருக்கு இருந்தது சுத்தமான கஞ்சத்தனம். அதைவிடப் பெரிய சுத்திகரிப்பு இயந்திரத்தை நான் இதுவரை பார்க்கவில்லை. (அவர் பயன்படுத்திய சாயங்களில் எது நல்லது, எது பொல்லாதது என்பது அவருக்கும் தெரியாது. சில அசோ சாயங்களை 1994-இல் ஜெர்மனிக்காரன் தடுத்த பிறகு, 1997-இல் நம் அரசும் எழுபது சாயங்களுக்குத் தடை போட்டது. ஏற்றுமதி திரும்பி வந்தால்தான் நமக்குப் புத்தி வருகிறது.)

கஞ்சத்தனம் என்றால் எங்கள் ஆயாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. உங்கள் வீட்டிலும் ஒருத்தி இருந்திருப்பாள், பெயர்தான் வேறாக இருக்கும். அரிசி கழுவின தண்ணீர் மாட்டுத் தொட்டிக்கு, பாத்திரம் கழுவின தண்ணீர் வாழைக்கு, குளித்த தண்ணீர் கருவேப்பிலைச் செடிக்கு, பாத்திரம் துலக்க அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும், தலைக்குச் சீயக்காய், துணிக்கு ஒரு பார் சோப்பை நூலால் அறுத்து அறுத்துக் கொடுக்கிற ஒரு துண்டு. பலகாரம் சுட்டு மிஞ்சின எண்ணெய் மறுநாள் தாளிப்புக்கு, அதிலும் மிஞ்சினால் திண்ணை மாடத்து விளக்குக்கு. விடியற்காலையில் தெருநீளத்துக்குப் பாவு நீட்டிக் கட்டி அரிசிக் கஞ்சி தடவுவார்கள். வெயில் ஏறுவதற்குள் இழை காயவேண்டும் என்று இரண்டு பக்கமும் ஆட்கள் ஓடுவார்கள். நாங்கள் பாவுக்கு அடியில் குனிந்து ஓடித் திட்டு வாங்குவோம். மிஞ்சின கஞ்சியைத் தெருவில் கொட்டினால் அரைமணி நேரத்தில் கோழிகளும் நாய்களும் சேர்ந்து நக்கிச் சுத்தப்படுத்திவிடும். அந்த வீட்டிலிருந்து ஏரிக்குப் போவதற்கு ஒன்றுமே மிஞ்சாது. தர்மம் என்று நினைத்து யாரும் அதைச் செய்யவில்லை. எதையும் கீழே ஊற்ற மனசு வராது, அவ்வளவுதான். தவிர, ஏரி நிரம்பினால் கிணறு ஊறும், அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் நாளைக்குக் குடிக்கவேண்டும் என்கிற கணக்கு எழுதப் படிக்கத் தெரியாத ஆயாவுக்கும் தெரியும்.

இதோடு நிறுத்திவிட்டால் இது அந்தக்காலத்துப் புராணமாகிவிடும். அதே ஏரிக்கரைதான் ஊருக்கே கக்கூஸ் என்பதையும் சொல்லவேண்டும். விடியலில் ஆண்கள் ஒரு பக்கம், இருட்டில் பெண்கள் ஒரு பக்கம். முதல் மழைக்கு அத்தனையும் வழிந்து உள்ளே இறங்கும். அதற்கடுத்து வாந்திபேதி, டைபாய்டு, அம்மனுக்குக் கூழ். யார் எந்தத் துறையில் இறங்கலாம், எந்தக் கிணற்றை யார் தொடலாம் என்று வேறு ஒரு சட்டம் இருந்தது. அந்தச் சட்டம் தண்ணீரின் சுத்தத்தைப் பற்றியதே அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். ஆகவே வீட்டுக்கு வீடு கழிப்பறை வந்தபோது நான் மனசாரச் சந்தோஷப்பட்டேன். ஆனால் முன்னேற்றம் எங்களோடு ஒரு விளையாட்டு விளையாடியது. கழிப்பறைக்குக் கீழே தொட்டி வந்தது. தொட்டி நிறைந்தால் உறிஞ்ச லாரி வந்தது. லாரி இருட்டின பிறகு ஊருக்கு வெளியே எங்கேயோ போய் இலேசாகித் திரும்பி வந்தது. அந்த எங்கேயோ பெரும்பாலும் ஒரு ஏரி, அல்லது ஏரிக்குப் போகிற வாய்க்கால். தாத்தா செம்பு எடுத்துக்கொண்டு காலாற நடந்துபோய் இலவசமாகச் செய்துவந்த காரியத்தை நாங்கள் வாடகைக்கு டேங்கர் பிடித்து மொத்தமாகச் செய்யத் தொடங்கினோம்.

நுரையின் கதையும் இப்படித்தான். தொலைக்காட்சிப் பெட்டி ஊருக்கு ஒன்றாக வந்து, வெள்ளை ஃபிராக் போட்ட சிறுமி ஒருத்தி சலவைத்தூள் விளம்பரத்தில் சுழன்று சுழன்று ஆடத் தொடங்கிய பிறகு, ஆயாவின் நூலால் அறுத்த சோப்புத்துண்டு எங்களுக்கு அவமானமாகப் பட்டது. தூள் பாக்கெட் வாங்கி வந்து, ஒரு கை போதும் என்ற இடத்தில் மூன்று கை போட்டு, ஏரியின் படித்துறையில் நுரையை மலையாகக் குவித்து அதன் உச்சியில் ஊதி விளையாடிய இளைஞன் இப்போது ஆகாயத்தாமரையைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறான். சில தூள்களில் இருந்த பாஸ்பேட் தண்ணீருக்கு உரம்; வீட்டுக் கழிவும் உரம்; உரம் போட்டால் எது விளையும்? ஏரி பச்சை ஜமக்காளம் விரித்தாற்போல மூடிக்கொண்டது. முதல் வருஷம் அந்த ஊதாப்பூக்களைப் பறித்துச் சாமி படத்துக்கு வைத்தவர்களும் உண்டு. கீழே காற்று போகாமல் மீன் செத்து மிதந்தபோதுதான் பூவின் விலை தெரிந்தது.

காஞ்சிபுரம் இட்லி வாங்கினால் மந்தார இலையில் வைத்து மடித்துச் சணல் நூலால் கட்டிக் கொடுப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? மிளகும் சுக்கும் நெய்யும் இலைவாசனையும் சேர்ந்து பை முழுக்க மணக்கும். வீடு வந்து சேர்வதற்குள் மூலையில் ஒரு விள்ளல் காணாமல் போயிருக்கும். இலை மாட்டுக்கு, நூல் ஆயாவின் நூலுருண்டைக்கு. பிறகு கேரிபேக் வந்தது. சாம்பாரையும் சூடாக அதிலேயே ஊற்றிக் கொடுத்தபோது, ஒழுகாத சாம்பாரை முதன்முதலாகக் கண்ட நான் விஞ்ஞானத்தை வியந்தேன். எங்கள் வாய்க்கால் மதகை அடைத்தது அந்த விஞ்ஞானம்தான். 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு அதற்குத் தடை போட்டது. தண்ணீர் பாக்கெட்டும் தடைப் பட்டியலில் உண்டு, தண்ணீர் பாட்டில் இல்லை. அதே வருஷம் ஜூலையில் காஞ்சிப் பெருமாள் அத்திவரதர் அனந்தசரஸ் குளத்திலிருந்து நாற்பது வருஷத்துக்குப் பிறகு எழுந்து வந்தார். 1979-இல் அவரைச் சேவிக்கப் போனபோது பித்தளைச் சொம்பில் பானைத் தண்ணீர் கொடுத்தார்கள், குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தோம். 2019-இல் கூட்டம் கரைகொள்ளவில்லை, ஆளுக்கொரு பாட்டில், பெருமாளுக்குக் குளத்தைத் தூர்வாரித் துப்புரவாக்கி மறுபடி படுக்கவைத்தோம், அவரைப் பார்க்க வந்தவர்களின் பாட்டில்களைத் தெருவுக்கு விட்டோம். 2021 நவம்பரில் பாலாறும் வேகவதியும் பெருக்கெடுத்து வடிந்தபோது வெள்ளம் எந்த உயரம் வரை வந்தது என்று அளக்க அளவுகோலே வேண்டியிருக்கவில்லை. கருவேல மரங்களில் அந்த உயரத்துக்குப் பிளாஸ்டிக் கவர் தொங்கியது.

விநாயகர் சதுர்த்திக்கு ஏரி வண்டலைத்தான் அச்சில் அடித்து மரப்பலகையில் வைத்துக் கொடுப்பார்கள். குன்றிமணிக் கண்கள். மூன்றாம் நாள் கிணற்றிலோ ஏரியிலோ போடுவதற்கு முன்னால் அந்தக் கண்களைத் தோண்டி எடுத்துக்கொள்ள எங்களுக்குள் நடக்கும் சண்டையில் பிள்ளையார் பாடு திண்டாட்டம். வண்டல் வண்டலோடு சேர்ந்தது. பிறகு பாரிஸ் சாந்துப் பிள்ளையார் எண்ணெய்ப் பெயிண்ட் பூசிக்கொண்டு ஊர்வலம் வந்து சர்வதீர்த்தக் குளத்தில் இறங்கினார், இறங்கியவர் கரையவில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறைகள் அந்தச் சாந்துக்குத் தடை சொல்கின்றன. போன வருஷம் என் பேரன் விதைப் பிள்ளையார் என்று ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தான். கரைத்து மண்ணில் ஊற்றினால் துளசி முளைக்குமாம். நல்ல மண், நல்ல யோசனை. அவர் வந்து இறங்கிய அட்டைப்பெட்டிக்குள் குமிழ் குமிழாக ஒரு முழம் பிளாஸ்டிக் இருந்தது. பேரனும் நானும் உட்கார்ந்து ஒரு குமிழ் விடாமல் படபடவென்று உடைத்தோம். குன்றிமணிக்கு ஈடில்லை என்றாலும் குறை சொல்வதற்கில்லை.

காஞ்சிபுரத்தில் சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று ஒருவர் இருக்கிறார். பிரம்மாவின் யாகத்தை அழிக்கச் சரஸ்வதி வேகவதியாகப் பெருகி வந்தபோது, பெருமாளே குறுக்கே அணையாகப் படுத்துத் தடுத்தார் என்பது தலபுராணம். இப்போது அவரைத் தொந்தரவு செய்யவேண்டிய அவசியமே இல்லை. ஆற்றுக்குக் குறுக்கே படுக்கிற வேலையை வீடுகளும் குப்பையும் கழிவுநீரும் எடுத்துக்கொண்டுவிட்டன. பாலாற்றுக்கோ மேலேயிருந்தே சீதனம் வந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுகளை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. மாசு செய்தவனே ஈடு கொடுக்கவேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. சட்டக்கல்லூரிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். தொழிற்சாலைக்குத் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் உண்டு. ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்து, 2025 ஜனவரியில், அதே நீதிமன்றம் அதே ஆற்றைப் பற்றி மறுபடி ஒரு நீண்ட தீர்ப்புச் சொல்லவேண்டி வந்தது. திருப்பூரில் நொய்யலுக்காக 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகள் எல்லாவற்றையும் மூடவே சொன்னது. நீதிபதிகளைக் குறை சொல்லமாட்டேன். தீர்ப்பு கடைசியில் வருகிற வைத்தியர். அதற்கு முன்னால் வீட்டுக்காரர்கள் செய்திருக்க வேண்டிய பத்தியம் ஒன்று உண்டு.

அந்தப் பத்தியத்தை எழுதி வைத்தவர்களும் எங்கள் பக்கத்து ஆட்கள்தான். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், கல்லிலேயே வெட்டிவைத்தார்கள்: ஏரிக்கென்று ஒரு வாரியம், குடவோலையில் உறுப்பினர், முந்நூற்றறுபது நாள் பதவி, முன்னால் பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவுக்காரர்களுக்கும் இடமில்லை. கடைசி நிபந்தனையை மட்டும் இன்றைக்கு அமலாக்கினால் எத்தனை ஊரில் வாரியம் கூடும் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஏரியைத் தூர்வாரும் குடிமராமத்தை அரசு 2017 மார்ச்சில் மறுபடி தொடங்கியபோதும் இதே மாவட்டத்து மணிமங்கலத்தில்தான் தொடங்கிவைத்தார்கள். பழைய குடிமராமத்தில் குடிகள் மண்வெட்டியோடு வந்தார்கள். புதியதில் பொக்லைன் வந்தது, குடிகள் கரையில் நின்று செல்போனில் படம் எடுத்தோம். நானும் எடுத்தேன், படம் நன்றாகவே வந்தது.

கஞ்சத்தனம் செத்துவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். இப்போது அங்கங்கே தலைகாட்டுகிறது. வடை, பஜ்ஜி போட்டுக் கறுத்த எண்ணெயை ராத்திரி சாக்கடையில் ஊற்றிக் குழாயை அடைத்துக்கொண்டிருந்த ஒரு ஹோட்டல்காரர், இப்போது டின்னில் சேர்த்துவைக்கிறார். பயோடீசலுக்கு ஆள் வந்து லிட்டர் கணக்கில் காசு கொடுத்து எடுத்துப்போகிறான். 2018-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் போட்ட திட்டத்தின் தயவு. விசாரித்தபோது, "சாக்கடைல ஊத்த எனக்கு இன்னா பைத்தியமா சார்?" என்று என்னையே மடக்கினார், போன வருஷம் வரை யாருக்குப் பைத்தியம் என்று நான் கேட்கவில்லை. மெக்கானிக் கடையில் பழைய இன்ஜின் ஆயிலுக்கும் அப்படியே ஒரு விலை பிறந்திருக்கிறது. விலையில்லாத கழிவுகளிடம்தான் பாச்சா பலிக்கமாட்டேன் என்கிறது: கழிப்பறை கழுவும் ஆசிட், காலாவதி மாத்திரை, பெயிண்ட் பிரஷ் கழுவின தின்னர், சலவை இயந்திரத்தின் தொட்டி நிறைய நுரை. எல்லாம் ஒரே குழாயில் போகிறது. குழாய்க்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆயாவும் இல்லை, குடிப்பதற்கு இருபது லிட்டர் கேன் வேறு வாசலில் வந்து இறங்கிவிடுகிறது.

சமீபத்தில் எங்கள் தெருவில் நாலு வீட்டுத் தொட்டி சேர்ந்தாற்போல் நிறைந்து, லாரிக்குச் சொல்லியிருந்தோம். உரிமம் வாங்கிய லாரிதான் ஓடவேண்டும், சுத்திகரிப்பு நிலையத்தில்தான் கொட்டவேண்டும் என்று சட்டம் இருப்பதைப் படித்துவிட்டு முன்யோசனையோடு நான் வாசலில் நின்றேன்.

"எங்கப்பா கொண்டுபோய்க் கொட்டுவே?"

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்."

"பாத்துக்குவே, தெரியும். எங்கன்னு சொல்லு."

அவர் பீடியை அணைத்துவிட்டு யோசித்தார். "பிளாண்ட்டுக்கு எட்த்துனு போனா டீசல் தனி சார். முன்னூறு சேத்துக் குடுங்க."

எதிர்வீட்டுக்காரர் என் காதோரம் வந்து, "எதுக்கு வம்பு? நாமதான் கேன் தண்ணி குடிக்கிறோமே" என்றார். பக்கத்து வீட்டு அம்மா, "எங்க வீட்டு போர் தண்ணி ஏரி ஊத்துல வர்றது, நான் குடுக்கறேன் என் பங்கு" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அரைமணி நேரம் வாதாடி இருநூறுக்குப் படிந்தது. ஆயா இருந்திருந்தால் நூற்றைம்பதுக்கு முடித்திருப்பாள். பிளாண்ட்டில் கொடுக்கிற ரசீதைக் கொண்டுவந்து காட்டவேண்டும் என்றேன். அதற்காக ஒரு நடை திரும்பி வரவேண்டுமென்றால் இன்னும் ஐம்பது என்றார். அங்கேதான் எதிர்வீட்டுக்காரருக்குள் தூங்கிக்கொண்டிருந்த முன்னோர் விழித்துக்கொண்டார்கள். "ஐம்பதா? ரசீத போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்புல அனுப்பு, அது ஓசி!" என்று உரக்கச் சொன்னார். படத்தில் தேதியும் நேரமும் தெரிந்தால்தான் பாக்கி நூறு என்று நானும் ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்.